ஜொகூரா, ஜோகூரா? – செம்மையாளர் அமைப்பின் தேவை குறித்து

மலேசியத் தமிழ் நூல்களின் குறைகளைப் பேசுவோர் பெரும்பாலும் எழுத்துப்பிழைகளோடு நின்றுவிடுகின்றனர். அதனினும் அடிப்படையான சிக்கலை ஒரு மாநிலத்தின் பெயரே உணர்த்துகின்றது. மலேசிய ஏடுகளில் 'ஜொகூர்' என்றும், சிங்கப்பூர் ஏடுகளில் 'ஜோகூர்' என்றும் காண்கிறோம். கிரந்த எழுத்தை விலக்குவோர் 'சொகூர்' என எழுதவும் இடமுண்டு. மலாய் மொழியில் உயிரொலிக்குக் குறில் நெடில் வேறுபாடு இன்மையால், இவற்றுள் ஒன்றைப் பிழையென ஒதுக்குதல் இயலாது.

பிழையைக் களைவது மெய்ப்புத் திருத்துநர் பணி. ஏற்கத்தக்க வடிவங்களுள் ஒன்றைத் தெரிந்து நூல் முழுதும் நிலைநிறுத்துவது பிரதிச் செம்மையாளர் பணி. ஒரு நூலுக்குள் இதனைத் தனியொருவர் செய்யலாம். ஒரு நாட்டின் வழக்காக்குதற்கு அமைப்பு வேண்டும்.

தமிழில் இப்பணிக்கு முன்னோடிகள் இலர் என்பதற்கில்லை. ஆறுமுக நாவலரும் உ.வே.சாமிநாதையரும் பதிப்புநெறி காட்டினர். 1974இல் 'க்ரியா' பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் செம்மையாக்கத்தைப் பதிப்பின் இன்றியமையாக் கூறாக்கினார். 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டார். 2001இல் 'தமிழ் நடைக் கையேடு' வந்தது. எனினும் இவை தனியாளரும் சிறு குழுவினரும் ஈட்டிய வெற்றிகள். இங்கிலாந்தில் 1988இலும் அமெரிக்காவில் 1997இலும் செம்மையாளர் சங்கங்கள் தோன்றின. முன்னது 2019இல் அரச பட்டயமும் பெற்றது. பயிற்சியையும் தொழில்நெறியையும் தலைமுறை கடந்து காப்பது இத்தகைய அமைப்பே.

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. அமைப்பு ஒருமையை வற்புறுத்தி வட்டார வழக்கை அழித்துவிடாதா? ஐயம் நியாயமானதே. மலேசிய நூல்கள் பல சென்னையில் அச்சாகின்றன. தோட்டப்புறக் கதையில் வரும் 'பெரட்டு' என்னும் சொல்லை அங்குள்ள திருத்துநர் பிழையெனக் கருதி 'வருகைப் பதிவு' என மாற்றுவாராயின், விடியலில் வரிசையில் நின்று பெயர் கொடுத்த தொழிலாளரின் வாழ்வே பிரதியிலிருந்து நீங்கிவிடும். எனவே பெயர்களில் ஒருமையும் சொற்களில் பன்மையும் அமைப்பின் நெறியாதல் வேண்டும்.

பள்ளி மலர்களையும் விழா மலர்களையும் திருத்தித் தரும் தமிழாசிரியர்கள் ஊதியமும் பெயருமின்றி இப்பணியை ஆற்றிவருகின்றனர். ஜொகூர் ஆசிரியர்கள் பாலத்துக்கு அப்பாலுள்ள சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுடன் கூடி, தம் மாநில ஊர்ப்பெயர்களுக்கு ஒரு பொதுப்பட்டியலை வகுப்பது நல்ல தொடக்கமாகும். இவ்வாறு செய்யாவிடின், ஜொகூர் பற்றிய நூலைத் தேடும் நாளைய மாணவர், 'ஜோகூர்' எனப் பதிவான நூலைக் காணாமலே போவார்.