முன்னேற ஒரு புத்தகம்

கீழ்பென்னாத்தூர் அன்பர் ஒருவர், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் சோர்ந்திருக்கும் தம் மகனுக்கு, முன்னேற வழிகாட்டும் புத்தகம் ஒன்று சொல்லும்படி எழுதியிருக்கிறார். வ. உ. சி. தமிழில் தந்த 'மனம்போல வாழ்வு' என்பேன். ஜேம்ஸ் ஆலன் 1903இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சிறு நூல் அது.

எண்ணம் எப்படியோ வாழ்வும் அப்படியே என்பது ஆலன் கட்சி. எனக்கு இது முழுச் சம்மதமில்லை. மழை பொய்த்து மல்லாட்டை (உங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதானே பெயர்!) கருகினால், அதுவும் குடியானவன் எண்ணத்தின் பலனா? வேலை இல்லாத பையனிடம் குற்றம் உன் மனசில்தான் என்று சொல்வது கொடுமையல்லவா? முன்னேற்ற நூல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

ஆனால் தமிழாக்கியவர் யார்? 1908இல் தண்டனை பெற்று, கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். சிறைவாசத்தின்போதே இதை மொழிபெயர்த்தார். சூழ்நிலையின் கொடுமையை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் வாயில் ஆலனுடைய பேச்சுக்குத் தனிக் கனம் வந்துவிடுகிறது. 1912இல் வெளியே வந்தவருக்குக் கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை, சென்னையில் வறுமைதான். அப்புறமும் ஆலனை விடவில்லை, 'அகமே புறம்' செய்தார். நடை பையனுக்குச் சற்றுக் கரடாக இருக்கும், நிறுத்தி வாசிக்கட்டும்.

பஸ் ஏறினால் திருவண்ணாமலை. ரமணாசிரமத்தில் 'நான் யார்?' கிடைக்கும். முன்னேறத் துடிக்கும் அந்த 'நான்' யார் என்றே கேட்கிற புத்தகம். அதைத் தகப்பனார் வாங்கிக்கொள்ளலாம். பையனுக்கு இப்போது வ. உ. சி. போதும்.