எது ‘வேண்டாம்’?

பாலியல் எழுத்து பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நமது சிறுபத்திரிகைச் சூழல் இரண்டு முகாம்களாகப் பிரிந்துகொள்கிறது. பெண் தயங்குவதாக ஒரு வரி வந்தாலே அது வன்புணர்ச்சிக்கு வக்காலத்து, பிரதியைக் கொளுத்த வேண்டியதுதான் என்கிறது ஒரு முகாம். இன்னொரு முகாமுக்கு எல்லாமே ‘மீறல்’, எல்லாமே ‘உடலின் கொண்டாட்டம்’. இரண்டுமே தயக்கம் இருக்கிறதா இல்லையா என்றுதான் பார்க்கின்றன. அந்தத் தயக்கம் பிரதிக்குள் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

‘சரோஜாதேவி’ என்ற பெயரில் ஒரு காலத்தில் ரகசியமாய்க் கைமாறிய மஞ்சள் புத்தகங்களை எடுத்துக்கொள்வோம். (இலக்கியமே இல்லை என்று ஒதுக்குகிறவர்கள் அவற்றைப் படித்தவர்களின் கூட்டத்தையும் நம் சந்தாதாரர் பட்டியலையும் ஒரு முறை மனசுக்குள் ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.) அந்த வகைக் கதையில் பெண் ‘வேண்டாம்’ என்கிறாள். அச்சில் அந்தச் சொல் புள்ளி புள்ளியாய் உடைந்து வருகிறது. அடுத்த பத்தியில் இசைந்துவிடுகிறாள். எது வேண்டாம் என்று அந்த ஆண் கேட்பதில்லை, கதைசொல்லியும் கேட்பதில்லை. ஆனால் நடைமுறையில் யாரும் மொட்டையாக வேண்டாம் என்பதில்லை. காசிமேட்டில் பத்துக்குப் பத்து அறையில் படுத்திருக்கும் ஒருத்தி, ‘சும்மா இரு, உங்கம்மா இன்னும் தூங்கல’ என்பாள். ‘மூணு மணிக்கு ஏலத்துக்குப் போவணும், வுடு’ என்பாள். உறை இல்லாமல் வேண்டாம் என்பாள், குடிச்சிட்டு வந்தால் வேண்டாம் என்பாள், நீயே வேண்டாம் என்றும் சொல்வாள். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு உள்ளடக்கம் இருக்கிறது. மஞ்சள் புத்தகம் செய்கிற முதல் வன்முறை இந்த உள்ளடக்கத்தை உருவி எடுத்துவிட்டு, சொல்லை வெறும் ஓசையாக, ஆணின் கிளர்ச்சிக்கு ஊட்டும் தாளமாக ஆக்குவதுதான்.

இதைச் சந்தைச் சரக்கின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் வாய்விட்டுச் சொல்வது வழக்கில்லை என்று தொல்காப்பியக் களவியல் விதிக்கிறது. அது குறிப்பால்தான் தெரியவேண்டும். எம்.ஏ. வகுப்பில் இதைப் பண்பாடு என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் ‘சரி’ சொல்லத் தடை உள்ள மொழியில் ‘வேண்டாம்’ என்பதும் ‘சரி’யின் குறிப்பாகவே வாசிக்கப்படும், குறிப்பை வாசிக்கும் அதிகாரம் ஆண் கையில். ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) கிளப்பிய சர்ச்சை பெரும்பாலும் கற்பு போயிற்றா, தாய் ஊற்றிய தண்ணீரில் திரும்புமா என்பதில்தான் சுற்றியது. காருக்குள் அவள் எதை விரும்பினாள், எதை விரும்பவில்லை என்பது ஓரத்தில் நின்றது. 2017இல் தில்லி உயர்நீதிமன்றம் ஒருவரை விடுதலை செய்தபோது, பலவீனமான மறுப்பு சில வேளை சம்மதமாகவும் இருக்கலாம் என்ற ரீதியில் எழுதியது. எதிர்க்காமல் இருப்பது சம்மதம் ஆகாது என்று 2013இலேயே சட்டம் திருத்தப்பட்டிருந்தது என்பதைச் சேர்த்து வாசிக்கவும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் பதினெட்டு வயது நிரம்பிய மனைவியின் ‘வேண்டாம்’ கணவனுக்கு எதிராக வன்புணர்ச்சிக் குற்றமாக எடுபடாது.

மறுப்புக்கு உள்ளடக்கம் உள்ள ஒரு பழைய பிரதி எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. திருவொற்றியூரில் ஆண்டுதோறும் மகிழடி சேவை நடக்கிறதே, அந்தச் சங்கிலியாரின் கதை. இதைக் காமக் கதையோடு சேர்த்துப் பேசினால் பக்தர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் பெரியபுராணத்தில் சம்மதம் இவ்வளவு நுணுக்கமாகப் பேரம் பேசப்படும் இடம் வேறில்லை. வீட்டார் எடுத்த கல்யாணப் பேச்சை ஏற்காமல் ஒற்றியூருக்கு வந்து கன்னிமாடத்தில் பூத்தொடுத்தவள் அவள். சுந்தரருக்காகச் சிவனே கனவில் தூது வருகிறார். ‘அவர் திருவாரூரில் மகிழ்ந்திருப்பவர் ஆயிற்றே’ என்பதுதான் அவள் எழுப்பும் தடை. நீயே வேண்டாம் என்பதல்ல, விட்டுப் போகிறவனாக நீ வேண்டாம் என்பது. பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தருவதாக ஏற்பாடாகிறது. சுந்தரர் தந்திரம் பண்ணுகிறார்: சத்தியம் செய்யும் நேரத்தில் சன்னதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடுமாறு கடவுளைக் கேட்கிறார். கடவுள் அதற்கும் தலையாட்டிவிட்டு, அவளிடமும் போய், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவைக்கிறார். மறுநாள் தோழியர் அதைக் கேட்க, ஆசாமிக்கு வேறு வழியில்லை. பிறகு சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போகிறது.

ஒரு பெண்ணின் நிபந்தனை கதையின் திசையையே திருப்புகிறது. மஞ்சள் புத்தகத்தில் இது நடக்காது. அங்கே ‘வேண்டாம்’ என்பதை அடித்துவிட்டாலும் கதை அதே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். என் உரைகல் இவ்வளவுதான்: அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் கதை மாறுகிறதா? ஆனால் சேக்கிழாரோடும் எனக்குத் தகராறு உண்டு. சங்கிலியின் நிபந்தனையை எழுதியவர் அவள் ஆசையை எழுதவில்லை. கடவுள் சொன்னார், இசைந்தாள். கண் போன பிறகு பிரதி சுந்தரரின் பார்வையைத் தேடிக் காஞ்சிக்கும் ஆரூருக்கும் நடந்துவிடுகிறது.

ஆசையை எழுதியவள் முத்துப்பழனி, பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை அரசவைத் தாசி. தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனமு’ எழுதியவள். அதில் கண்ணன் வேண்டாம் என்கிறான், ராதை கேட்பதாயில்லை. 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்தக் காவியத்தை முழுசாகப் பதிப்பித்தார். அடுத்த வருஷமே ஆபாசம் என்று அரசு தடை போட்டது. 1947இல்தான் தடை நீங்கியது. பெண்ணை மடக்கும் சிருங்காரம் எவ்வளவோ அச்சாகிக்கொண்டிருந்த காலத்தில், பெண் மேலேறிப் போகும் காவியம் மாட்டிக்கொண்டதைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. அதற்காக முத்துப்பழனி நம் பிரச்சனையைத் தீர்த்துவிட்டாள் என்று பெண்ணியத் தோழர்கள் சிலர் எழுதுவதும் அவசரம். கண்ணனின் ‘வேண்டாம்’ என்பதற்கும் உள்ளடக்கம் கிடையாது, அது அவன் ரசித்துச் சொல்லும் புகார். ஆள் மாறியிருக்கிறது, இலக்கணம் அப்படியே.

தயக்கத்தை எழுதக்கூடாது என்று எந்தத் தோழர் தீர்மானம் போட்டாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன். பயமும் கூச்சமும் சாதியும் களைப்பும் இல்லாத காமம் நம் தெருக்களில் எங்கே இருக்கிறது? துறைமுகத்தையும் ஆலைகளையும் பற்றி இத்தனை கதைகள் எழுதியாயிற்று. மூணு மணி ஏலத்துக்குப் போனவள் கூடையை இறக்கிவைத்து, குளித்து, மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தானே அவனைக் கூப்பிடுகிற கதை மட்டும் எனக்கு இன்னும் படிக்கக் கிடைக்கவில்லை.