மேஜிக் கேமின் சோதனை மேசையில் இல்லாமல் போனது

சொந்தமாகக் கார்டு கேம் செய்து பார்க்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு ‘மேஜிக்: த கேதரிங்’ பக்கம் போய்விடும். 1993இல் வந்த கேம். ஆளாளுக்குத் தனியாகக் கார்டு வாங்கி, தனக்கென்று ஒரு கட்டைச் சேர்த்துக்கொண்டு, அதை வைத்து எதிராளியோடு மோத வேண்டும். இந்த வகைக்கே அதுதான் தொடக்கம். அது எப்படிச் சோதிக்கப்பட்டது என்பதற்கு இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்று, “ரெண்டு வருஷம் ஃப்ரெண்ட்ஸோட ஆடி ஆடிச் செதுக்கினாங்க, அதான் இன்னிக்கும் நிக்குது.” இன்னொன்று, “ப்ளாக் லோட்டஸ் மாதிரி ஒரு கார்டை வெளியே விட்டவங்க என்னத்த டெஸ்ட் பண்ணாங்க?”

இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. சோதனை ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் சோதனை நடந்த மேசையில் பணம் இல்லை. வெளியே வந்த கேமில் பணம் இருந்தது. பிற்பாடு வந்த சிக்கல்களில் பெரியவை இந்த இடைவெளியிலிருந்து வந்தவை என்பது என் வாசிப்பு.

முதலில் பின்னணி. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கணித ஆய்வு மாணவராக இருந்தார். 1991இல் ‘ரோபோராலி’ என்ற தன் போர்டு கேமை எடுத்துக்கொண்டு, அப்போது மிகச் சின்ன நிறுவனமாக இருந்த விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டின் பீட்டர் அட்கிசனைப் பார்த்தார். அதை அச்சடிக்கச் செலவு அதிகம். கையில் எடுத்துப்போகிற மாதிரி, மலிவாக, சீக்கிரம் ஆடி முடிக்கிற மாதிரி ஏதாவது உண்டா என்று அட்கிசன் கேட்டார். அதற்கான பதில்தான் மேஜிக். முதல் முன்மாதிரியில் இருந்தது 120 கார்டு. அதை இரண்டு பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கொடுத்து ஆடினார்கள். பிறகு நண்பர் வட்டம் பெருகியது. அந்த வட்டத்தில் இருந்த ஸ்காஃப் எலியாஸ், ஜிம் லின் போன்றவர்கள் பின்னாளில் மேஜிக்கின் அடுத்தடுத்த தொகுப்புகளை வடிவமைத்தவர்கள். சும்மா வந்து ஆடிவிட்டு “சூப்பர்” என்று சொல்லிப்போன ஆட்கள் இல்லை.

அவர்களுக்கு எது பலமான கார்டு என்று தெரிந்திருந்தது. அதற்குச் சாட்சி முதல் தொகுப்பிலேயே இருக்கிறது. ஐந்து நிறங்களுக்கும் ஒரே அச்சில் வார்த்த ஐந்து கார்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விலை ஒரு மானா, அதாவது ஆட்டத்துக்குள் செலவழிக்கும் மந்திர சக்தியில் ஓர் அலகு. ஒவ்வொன்றும் எதையாவது மூன்று தரும். சிவப்பின் லைட்னிங் போல்ட் மூன்று அடி கொடுக்கும். பச்சையின் ஜயண்ட் க்ரோத் ஒரு மிருகத்துக்கு மூன்று பலம் ஏற்றும். வெள்ளையின் ஹீலிங் சால்வ் மூன்று உயிர்ப்புள்ளி தரும். கறுப்பின் டார்க் ரிச்சுவல் மூன்று மானா தரும். நீலத்தின் ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று கார்டு எடுக்க விடும். இந்த ஐந்தில் நான்கு காமன், நீலம் மட்டும் ரேர். ஒரு மானாவுக்கு மூன்று கார்டு என்பது மற்ற நான்கையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று தெரிந்துதான் அதைத் தனியே பிரித்திருக்கிறார்கள்.

ஆக, கண்டுபிடிப்பதில் குறையில்லை. கண்டுபிடித்ததற்குப் போட்ட கட்டுதான் பிரச்சினை. “பலமாக இருக்கிறதா? அப்படியானால் அரிதாக்கு.” அரிதாக இருந்தால் ஒரு ஊரில் ஒன்றிரண்டு பேரிடம்தான் இருக்கும், எப்போதாவதுதான் கண்ணில் படும், கேம் கெடாது. நண்பர் வட்டத்துக்குள் இந்தக் கணக்கு கச்சிதமாக வேலை செய்யும். ஏனென்றால் அங்கே சுற்றுகிற கார்டுகளின் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. ஒருவனுக்கு இன்னொரு ரீகால் வேண்டுமென்றால், அதை வைத்திருக்கிறவனிடம் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். கடை கிடையாது.

கடை வந்ததும் கணக்கு மாறியது. முதல் பதிப்பான ஆல்ஃபாவில் 116 ரேர் கார்டுகள். 15 கார்டு பாக்கெட்டில் ஒன்றுதான் ரேர். குறிப்பிட்ட ஒரு ரேர் வேண்டுமானால், சராசரியாக நூற்றுக்கு மேல் பாக்கெட் பிரிக்க வேண்டும். ஒரு ஆள் ஒரு போர்டு கேமுக்குச் செலவழிக்கிற அளவுதான் இதற்கும் செலவழிப்பான் என்று வைத்துக்கொண்டால், இது பலமான பூட்டு. பெட்டி பெட்டியாக வாங்குகிறவனுக்கு இது பூட்டே இல்லை. சுமார் 26 லட்சம் கார்டுகள் அச்சான ஆல்ஃபா பதிப்பு மளமளவென்று விற்றுத் தீர்ந்தது. எத்தனை பேர் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள் என்ற கேள்விக்கு நண்பர்கள் மேசை பதில் சொல்லியிருக்கவே முடியாது.

காமன் கார்டுக்கும் இதே கதைதான். தொடக்க விதிப்படி கட்டில் குறைந்தது 40 கார்டு இருந்தால் போதும். ஒரே கார்டு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எதிராளிக்கு உயிர்ப்புள்ளி 20. லைட்னிங் போல்ட் ஏழு விழுந்தால் 21, ஆள் காலி. பாதிக் கட்டு போல்ட், பாதிக் கட்டு அதற்கு மானா தரும் மலை என்று ஒருவன் வந்து உட்கார்ந்தால், எதிரே இருப்பவனுக்கு ஆடவே வேலையில்லை. சோதனைக் குழுவில் அத்தனை போல்ட் ஒரே கையில் சேராது. கடையில் சேரும்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது பந்தய விதி. ஆட்டம் தொடங்கும்போது இருவரும் தங்கள் கட்டிலிருந்து ஒரு கார்டைப் பந்தயமாக ஒதுக்கி வைப்பார்கள், ஜெயித்தவன் இரண்டையும் எடுத்துக்கொள்வான். வடிவமைப்பாகப் பார்த்தால் அழகான விதி. பலமான கார்டைக் கட்டில் வைத்திருப்பவன் அதையே இழக்கும் ஆபத்தையும் சேர்த்து வைத்திருக்கிறான். கட்டுகள் ஒரே மாதிரி உறைந்துபோகாமல் மாறிக்கொண்டே இருக்கும். முன்மாதிரிக் காலத்தில் விடிய விடிய இப்படித்தான் ஆடினார்கள். ஆனால் அந்தக் கார்டு நகல் எடுத்த காகிதம். கடையில் காசு கொடுத்து வாங்கிய கார்டை ஒரு ஆட்டத்தில் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்? ஜனங்கள் பந்தயம் இல்லாமலே ஆடினார்கள், விதி மெல்ல வழக்கொழிந்தது. அதோடு அது தாங்கிப் பிடித்திருந்த சமநிலையும் போயிற்று.

இதை நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். நான் செய்துகொண்டிருக்கும் சந்தை கேமில், தோற்றவர் ஒரு கார்டைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. முதல் இரண்டு வாரம் காகிதத் துண்டுகளை வைத்து ஆடினோம். யாரும் அலட்டிக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரே ஒரு மாற்றம்: “உங்க கட்டு உங்களுக்கே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, வேணும்னா படம் வரைஞ்சுக்கோங்க” என்றேன். அடுத்த முறை வந்தபோது அதே விதியில் அதே ஆட்கள் கார்டைக் கொடுக்கத் தயங்கினார்கள். “இதைத் தவிர வேற எடுத்துக்கோயேன்” என்று பேரம் ஆரம்பித்தது. ஒருத்தர் தோற்கிற ஆட்டத்தை முடிக்காமலே இழுத்தார். விதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கார்டு யாருடையது என்பதுதான் மாறியிருந்தது.

நமக்குப் பழக்கமான முன்னூற்று நாலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 32 சீட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2, மீதிக்கு ஒன்றுமில்லை. ஒரு ஜாதிக்கு 76, நாலு ஜாதிக்கு 304. எவ்வளவு பணக்காரன் உட்கார்ந்தாலும் ஐந்தாவது ஜாக் கிடைக்காது. கட்டுதான் அந்த ஆட்டத்தின் மொத்த உலகம். அதனால் ஒரு திண்ணையில் ஆடிப் பார்த்தது இன்னொரு திண்ணைக்கும் பொருந்தும். டொனால்ட் எக்ஸ். வக்கரினோவின் ‘டொமினியன்’ (2008) இதே பாதுகாப்பை வேறு வழியில் எடுத்துக்கொண்டது. அதிலும் கட்டு சேர்ப்பதுதான் ஆட்டம், ஆனால் ஆட்டத்துக்குள்ளேயே, மேசை நடுவில் இருக்கும் பொதுக் குவியல்களிலிருந்து சேர்க்க வேண்டும். சேப்பல் என்ற கார்டு அதன் விலைக்கு மிகவும் பலம். இருந்தால் என்ன, அந்தக் குவியல் எல்லார் கைக்கும் எட்டும். வடிவமைப்பாளர் மேசையில் கண்டதும் வாங்குகிறவர் வீட்டில் நடப்பதும் ஒன்றே.

“அப்படி ஒரு கேமே அதுக்கு முன்னாடி இல்லையே, அவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தனை பெட்டி விற்கும் என்று முன்கூட்டிச் சொல்லாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தெரிந்ததும் திருத்தவும் செய்தார்கள். 1994இன் தொடக்கத்திலேயே போட்டி விதிகள் வந்தன. ஒரே கார்டு நான்குக்கு மேல் கூடாது, லோட்டஸும் ரீகாலும் கட்டுக்கு ஒன்றுதான். என் விமர்சனம் அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியது. அரிதாக்குவது சமநிலைக்கு உதவவில்லை என்று தெரிந்தாயிற்று, அந்த வேலையை வேறு விதிகளிடம் ஒப்படைத்தாயிற்று. பிறகும் அரிது என்ற ஏற்பாடு நீடித்தது, பாக்கெட் விற்கிற காரணமாக. வடிவமைப்புக் கருவியாகத் தோற்ற ஒன்று வியாபாரக் கருவியாக ஜெயித்தது. அதன் விலையைக் கொடுப்பது, நல்ல யோசனை இருந்தும் கார்டு வாங்க வழியில்லாமல் தோற்கிற பையன்.

வீட்டில் கேம் செய்கிறவர்களுக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு வேலைமுறை. பழைய சீட்டை ப்ளாஸ்டிக் உறையில் போட்டு முன்னால் காகிதத் துண்டைச் செருகி முன்மாதிரி செய்வது நல்ல வழிதான். மலிவு, நிமிஷத்தில் திருத்தலாம். ஆனால் ஆட உட்காரும் முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: இந்த மேசையில் இருப்பவற்றில் எதெல்லாம் விதிப் புத்தகத்தில் இல்லை? விதியை விளக்க நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள். ஆடுகிறவர்கள் உங்களைப் பிடித்தவர்கள். கார்டு இலவசம். எல்லார் கட்டும் நீங்கள் கொடுத்தது. பிறகு ஒவ்வொரு சோதனையிலும் இதில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு ஆட விடுங்கள். ஒரு நாள் விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். ஒரு நாள் கட்டுகளை அவர்களுக்கே சொந்தமாக்குங்கள். ஒரு நாள் ஒருவருக்கு மட்டும் இரண்டு மடங்கு கார்டு கொடுத்து, மற்றவர் எத்தனை ஆட்டம் வரை பொறுமையாக உட்காருகிறார் என்று எண்ணுங்கள். என் சந்தை கேமில் அடுத்து செய்யப்போவது அந்தக் கடைசிச் சோதனைதான்.