தீராக் கொலையும் தீர்ப்புத் தேடும் இலக்கியமும்

கொலையொன்று நிகழ்ந்து, கொன்றவர் யாரெனத் துலங்காதவிடத்து, அக்கொலையைச் சுற்றி ஒரு சமூகம் உருவாகிவிடுகின்றது. வழக்கின் ஒவ்வொரு தவணையையும் எண்ணிக் காத்திருப்போர், சாட்சியங்களை ஒப்புநோக்குவோர், செய்தித்தாளை உரக்க வாசிப்போர், வாசிக்கக் கேட்டுத் தத்தம் ஊகங்களைச் சேர்ப்போர் எனப் பலர் அதில் இடம்பெறுவர். மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ போன்ற மலைத்தோட்டப் பகுதிகளாயினும், கொழும்பு, சென்னை முதலிய பெருநகரங்களாயினும் இச்சமூகத்தின் இயல்பு பெரிதும் ஒன்றே. இத்தகைய சமூகம் தனக்கென ஓர் இலக்கிய வடிவத்தையும் நாடுகின்றது. தமிழில் அவ்வடிவங்கள் யாவை, தீராத கொலையொன்றினை அவை எவ்வாறு எதிர்கொண்டன, எவ்விடத்தில் அவை தோற்றன என்பன ஆராயத்தக்கன.

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கது கொலைச் சிந்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மலிவான தாளில் அச்சிடப்பட்டுச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் புகையிரத நிலையங்களிலும் பாடி விற்கப்பட்ட சிறு நூல்கள் இவை. கற்றோர் நெடுங்காலம் இவற்றை இலக்கியமென எண்ணவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘முச்சந்தி இலக்கியம்’ 2004இல் வெளிவந்தபோதுதான் இத்தகைய வெளியீடுகள் விரிவான ஆய்வுக்கு உட்பட்டன. எழுத்தறிவு குறைந்திருந்த காலத்தில், நீதிமன்றத்தில் நடந்ததனை நீதிமன்றம் செல்லவியலாத மக்களுக்குக் கொண்டுசென்ற ஊடகமாகக் கொலைச் சிந்து தொழிற்பட்டது. அதன் சமூகப் பயனை எவரும் மறுத்தற்கில்லை.

ஆயினும் அதன் அமைப்பினைக் கூர்ந்து நோக்கின் ஒரு குறைபாடு புலனாகும். கடவுள் வாழ்த்து, ஊர்ச் சிறப்பு, குடும்ப வரலாறு, பகை முளைத்த விதம், கொலை, அகப்படுதல், தண்டனை, கேட்போர்க்கு அறிவுரை என்ற நிரலில் அது செல்லும். தூக்குமேடையோ சிறையோ இறுதியில் வந்தே ஆகவேண்டும். உலகில் அறம் குலையவில்லை என்ற ஆறுதலைக் கேட்போருக்கு வழங்குவதே அவ்விறுதிப் பகுதியின் தொழில். எனவே, குற்றவாளி அகப்படாத கொலையொன்று அவ்வடிவத்தினுள் அடங்குவதில்லை. அடக்க வேண்டுமாயின் பாடுவோரே குற்றவாளியைத் தெரிவு செய்தல் வேண்டும். இவ்வாறு தெரிவு செய்யும் மனப்பாங்கு, கொலைச் சிந்து பாடியோருக்கு மட்டும் உரியதன்று. தீராக் கொலையைத் தொடரும் எந்தச் சமூகத்திலும் அது தலைதூக்கக் காணலாம்.

இதற்குத் தமிழ்நாட்டின் இலட்சுமிகாந்தன் கொலை வழக்குத் தக்க சான்றாகும். திரைப்படத் துறையினரின் தனி வாழ்க்கை பற்றிய வதந்திகளை ‘இந்துநேசன்’ என்ற இதழில் வெளியிட்டுவந்த இலட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8ஆந் தேதி சென்னை வேப்பேரியில் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன் ஆகிய பெருநடிகர் இருவரும் கைதாயினர். 1945இல் ஜூரர்கள் அவர்களைக் குற்றவாளிகளெனக் கண்டனர். மேன்முறையீடு இலண்டன் பிரிவுக் கவுன்சில் வரை சென்று, 1947இல் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. இலட்சுமிகாந்தனைக் கொன்றவர் யாரென்பது இறுதிவரை நிறுவப்படவில்லை. 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ அரங்கில் நீண்டகாலம் ஓடிக்கொண்டிருக்க, அதன் நாயகர் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின்னர் பாகவதர் பழைய நிலையை மீண்டும் எய்தவில்லை, 1959இல் மறைந்தார்.

இவ்வழக்கிற் சிந்தித்தற்குரிய செய்தியொன்றுண்டு. பிறர் இரகசியம் அறியும் ஆவலோடு ‘இந்துநேசனை’ வாங்கிய அதே வாசகர் கூட்டமே, அதன் ஆசிரியர் கொலையுண்டபின் வழக்குச் செய்திகளையும் வாங்கிப் படித்தது. வதந்தியைத் துய்த்தவர்கள் விசாரணையையும் துய்த்தார்கள். பாகவதர் மீதிருந்த பற்று ஒருசாராரை அவர் குற்றமற்றவரென முன்கூட்டியே முடிவு செய்யத் தூண்டியது. பொறாமையும் ஒழுக்கக் கவலையும் மற்றொரு சாராரை எதிர்முடிவுக்கு இட்டுச் சென்றன. இருசாராரும் மறந்த ஒருவர் உளர். அவர் கொலையுண்டவர். அவர் தொழில் இழிந்ததென்பதனால் அவர் மரணத்திற்கு விடை தேவையில்லை என்றாகிவிட்டது. இன்றும் இவ்வழக்குப் பற்றி எழுதப்படுவனவற்றிற் பெரும்பாலானவை பாகவதரின் வீழ்ச்சிக் கதைகளாகவே அமைதல் நோக்கத்தக்கது.

இலங்கையிலும் இதனை ஒத்த நிகழ்வுண்டு. 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய துடுப்பாட்டக்காரர் மகாதேவா சதாசிவம். அவருடைய மனைவி 1951 ஒக்டோபரிற் பம்பலப்பிட்டியிலுள்ள தம் இல்லத்திற் கொலையுண்டு கிடந்தார். கணவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. வீட்டு வேலையாள் அரச தரப்புச் சாட்சியானார். எதிரிக்காகக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். வழக்கின் உயிர்நிலை மரணம் நேர்ந்த நேரமாகும். கணவர் வீட்டைவிட்டு வெளியேறுமுன் மனைவி இறந்தாரா, வெளியேறிய பின் இறந்தாரா என்பதே வினா. தடயவியல் மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற சேர் சிட்னி சிமித் எடின்பரோவிலிருந்து வந்து எதிரி தரப்பிற் சாட்சியமளித்தார். 1953இல் ஜூரர்கள் சதாசிவத்தைக் குற்றவாளியல்லரெனக் கண்டனர். அக்கொலைக்காகப் பின்னர் எவரும் தண்டிக்கப்படவில்லை. வழக்கு கணவரின் பெயராலேயே வரலாற்றில் நிலைத்தது. மாண்ட பெண் அவ்வரலாற்றின் ஓரத்திற்கு ஒதுங்கினார்.

இவ்விரு வழக்குகளையும் பின்தொடர்ந்தோர் துப்பறியும் நாவல்களாற் பயிற்றப்பட்டவர்கள் என்பதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அவ்வகை நாவல்களைத் தமிழிற் பரப்பினர். துப்பறியும் நாவல், கொலைச் சிந்தின் நகர வடிவம் எனலாம். சிந்திலே தெய்வமும் சட்டமும் ஆற்றிய பணியைத் துப்பறிவோனின் அறிவு இங்கு ஆற்றுகின்றது. இறுதி அத்தியாயத்தில் விடை கிடைத்தே தீரும். வாழ்க்கையிலோ அவ்வத்தியாயம் பலவேளைகளில் எழுதப்படுவதில்லை. விடை கிடைக்காதபோது வாசகன் எரிச்சலுறுகின்றான், எரிச்சல் ஊகமாகின்றது, ஊகம் நாளடைவிற் செய்தியாகிவிடுகின்றது.

இவ்விரு வடிவங்களும் முற்றாகத் தோற்கும் இடமொன்று மாத்தளையிலே உண்டு. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவிற் கட்டுமான வேலைக்காக நிலத்தை அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற உத்தரவின் பேரில் தொடர்ந்த அகழ்வில் 150க்கு மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ அளித்த அறிக்கை, அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்திற் புதைக்கப்பட்டவை என்றது. எலும்புகள் சிலவற்றிற் சித்திரவதையின் அடையாளங்கள் இருந்தமையும் நீதிமன்றத்தின் கவனத்திற்கு வந்தது. 2013இல் அவ்விடம் குற்றம் நிகழ்ந்த இடமெனக் கருதப்பட்டது. அதே ஆண்டில் ஜனாதிபதி ஆணைக்குழுவொன்று நியமிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் ஆய்வுகூடமொன்றில் நிகழ்ந்த காபன் காலக்கணிப்பை ஆதாரமாகக் கொண்டு, எச்சங்கள் 1950க்கு முற்பட்டவை என்ற முடிவு முன்வைக்கப்பட்டது.

இவ்விரு காலக் கணிப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆண்டுக்கணக்கோடு நின்றுவிடுவதன்று. மக்கள் விடுதலை முன்னணியின் இரண்டாவது கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய அரச வன்முறையும் 1987 முதல் நாட்டை உலுக்கின. மாத்தளை மாவட்டத்திற் கொண்டுசெல்லப்பட்டு மீளாத இளைஞர் பலர். முதலாவது கணிப்பு சரியெனின், குழியிற் கிடந்தோர் கொலையுண்டவர்கள்; கொன்றோர் வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும்; பெற்றோர் பதில் கேட்கலாம். இரண்டாவது சரியெனின், அவர்கள் பழைய கொள்ளைநோய்க்கோ இயற்கை அழிவுக்கோ இரையானவர்களாகக் கருதப்பட்டு வரலாற்றின் பொருளாகிவிடுவர். சதாசிவம் வழக்கிலே ஒரு மனிதரின் உயிர் சில நிமிடங்களின் மேல் தங்கியிருந்தது. மாத்தளைக் குழியிலே ஒரு தலைமுறையின் நீதி சில பத்தாண்டுகளின் மேல் தங்கியுள்ளது. காணாமற்போனோரின் குடும்பங்கள் ஆணைக்குழுவின் முடிவோடு அமைதியுறவில்லை. அக்குழி தொடர்பாக எவரும் தண்டிக்கப்படவும் இல்லை.

இந்நிகழ்வினைக் கொலைச் சிந்து எவ்வாறு பாடும்? பாடுதற்குக் கொலையுண்டோரின் பெயரில்லை, கொன்றோரின் பெயரில்லை, கொலை நிகழ்ந்த ஆண்டு கூட உடன்பாடு பெறவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியான கோவிந்தனின் பெயரை மலையகம் இன்றும் நினைவிற் கொண்டுள்ளது. அங்கு சாட்சிகள் இருந்தனர். விசாரணைக்கு ஆணைக்குழு அமைந்தது. இறந்தவருக்கு முகமும் பெயரும் இருந்தன. கூட்டங்களில் தொழிலாளர் துயரைப் பாடி மக்களைத் திரட்டிய மீனாட்சி அம்மையாரின் மரபும் தோட்டப்புறத்திற்கு உண்டு. பெயரிருந்தாற் பாடல் பிறக்கும். பெயரற்றோருக்காகப் பாடும் வடிவத்தை மலையகமோ மாத்தளையின் சிங்களக் கிராமமோ இனித்தான் காணவேண்டியுள்ளது.

அதற்கான மூலம் தமிழ் மரபில் இல்லாமலில்லை. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை இந்நோக்கில் மீண்டும் படித்தல் தகும். கணவனை இழந்த கண்ணகி அரசவையில் அழுது இரப்பதோடு அமையவில்லை. சான்றினைக் கேட்டு, சான்றினை உடைத்துக் காட்டுகின்றாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து என்ற பொருட் சான்றே வழக்கைத் தீர்க்கின்றது. அரசனும் அச்சான்றின் முன் தன் பிழையை ஏற்கின்றான். புலம்பலுக்கும் பழிவாங்கலுக்கும் இடையிலே விசாரணை என்ற ஒரு படியினை இளங்கோவடிகள் வைத்தமையே அக்காதையின் பெருமை. மதுரை எரிந்தது அதன் பின்னரே. அக்கண்ணகியே பத்தினித் தெய்வமாகச் சிங்கள மக்களாலும் வணங்கப்படுகின்றாள் என்பது, மாத்தளைக் குழியின் முன் நிற்கும் தாயருக்கும் இக்காப்பியத்துக்கும் உள்ள உறவை மேலும் நெருக்கமாக்குகின்றது. குழியிற் கிடந்தோர் பெரும்பாலும் சிங்கள இளைஞரே எனக் கருதித் தமிழ் இலக்கியம் ஒதுங்கிநிற்பின், அது தன் முதற் காப்பியத்தையே மறந்ததாகும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். தீர்ப்பு வழங்குதல் நீதிமன்றத்தின் பணி. மக்களும் எழுத்தாளரும் அதிற் புகுவது வதந்திக்கே வழிவகுக்கும் என்பர். பாகவதரின் வாழ்வு சிதைந்த விதத்தை நோக்கின் இம்மறுப்பில் உண்மையுண்டு. ஆயினும் தீர்ப்பு வேறு, வினா வேறு. குற்றவாளியைப் பெயர் சுட்டித் தீர்க்கும் சமூகம் தீங்கிழைக்கின்றது. சான்று எங்கே, அது எவரிடம் உள்ளது, இரு கணிப்புகள் முரணுவது ஏன், மூன்றாவது ஆய்வு வேண்டாமா என வினவும் சமூகம் நீதிமன்றத்திற்குத் துணைநிற்கின்றது. முன்னதற்கு ஒரு முடிவு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். தீராக் கொலையை எழுதப் புகும் படைப்பாளி இரண்டாவது வகையைச் சேர்ந்தவனாதல் வேண்டும். கதை முடிவின்றி நிற்கும் அவலத்தை வாசகன் தாங்குமாறு செய்வதே அவன்முன் உள்ள கலைப் பிரச்சினை.

2016ஆம் ஆண்டின் சட்டத்தினாற் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் அமைந்தது. கோப்புகளைக் காப்பது அத்தகைய நிறுவனங்களின் கடமை. ஆனால் கோப்பிலே இடம்பெறாதன பல உள. மகன் கடைசியாக அணிந்து சென்ற சட்டை, அவனுக்காக மூடிவைத்த சோறு, எந்த ஊர்தி எந்தப் பாதையால் வந்தது என்ற அயலவரின் நினைவு ஆகியன கிராமத்திலும் தோட்ட லயத்திலும் வாய்மொழியாகவே வாழ்கின்றன. சொல்வோர் முதுமையடைய அவையும் அழிகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை தோட்டந்தோறும் சென்று மக்கள் பாடல்களைத் திரட்டியமை போன்று, இந்நினைவுகளையும் இரு மொழிகளிலும் திரட்டுதல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. பேராதனையிலிருந்து எல்கடுவையும் மாத்தளையும் தொலைவில் இல்லை. பெயர்கள் திரட்டப்படின், நாளை வேறொரு பரிசோதனை அவற்றை எலும்புகளோடு பொருத்திப் பார்த்தல் கூடும். அதுவரை அக்கொலைகள் பற்றிய நேர்மையான இலக்கியம் எதுவும் வினாவோடுதான் முடியும்.