ஒரு நிமிஷம் போதும்!

இத்தனை வருஷமாக அமெரிக்காவில் ஆபீசுக்கும் காஸ்ட்கோ கடைக்கும் மட்டுமே கார் ஓட்டிக்கொண்டிருந்தேனே என்று இப்போது ஆற்றாமையாக இருக்கிறது. ஆட்டோகிராஸ் என்று ஒன்று இருப்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா?

விஷயம் இதுதான். பெரிய காலி பார்க்கிங் இடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு கோன்களை வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். முட்டிமோத பக்கத்தில் இன்னொரு கார் இருக்காது. போட்டி கடிகாரத்தோடுதான். ஒரு ஓட்டம் சுமார் ஒரு நிமிஷம். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும், வேகமும் ஹைவேயில் நாம் சாதாரணமாகப் போவதைத் தாண்டாது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் உங்கள் கார் என்ன செய்யும், எங்கே வழுக்கும், எங்கே பிடிக்கும் என்பதெல்லாம் பத்து வருஷ ஹைவே ஓட்டத்தில் கற்றதைவிட அதிகமாகத் தெரிந்துவிடும். மிகையில்லை, சத்தியம்!

புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "காருக்கு என்னென்ன மாத்தணும்?" ஒன்றும் மாற்ற வேண்டாம். பழைய சிவிக், கரோலா போன்ற சாதாரணக் காரே போதும். மாற்றுவதல்ல, காலி செய்வதுதான் வேலை. முதல் நாள் இரவே டிக்கியிலும் காருக்குள்ளும் கிடக்கும் குடை, குழந்தையின் கார் சீட், தண்ணீர் பாட்டில், கால் மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒரு பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் விளையாட்டு வினையாகிவிடும். காலையில் பரிசோதகர் வந்து சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, பேட்டரி ஆடுகிறதா, பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதா, ஆயில் கசிகிறதா என்று பார்ப்பார். நீங்களே முன்கூட்டிப் பார்த்துவிட்டால் அது ஐந்து நிமிஷ வேலை. டயரில் வழக்கத்தைவிட சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று அடித்து, பக்கவாட்டு ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓடி வந்தபின் கோடு எவ்வளவு தூரம் அழிந்திருக்கிறது என்று பார்த்தால் டயர் எவ்வளவு மடங்குகிறது என்பது தெரியும். இந்தச் சாக்பீஸ் வித்தை எனக்கு அவ்வளவு பிடிக்கும்! அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்பு முத்திரை உள்ள ஹெல்மெட் கட்டாயம். பல கிளப்புகளில் இரவலாகவே தருவார்கள், முதல் நாளே வாங்கித் தொலைக்காதீர்கள்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்: பாதையை நடந்து பார்ப்பது. கார் ஓடுவதற்கு முன் எல்லோரும் அந்தப் பாதையில் நடக்கலாம். வந்தவர்களில் பாதிப்பேர் காபியும் கையுமாக அரட்டை அடித்துக்கொண்டு நடப்பார்கள். நீங்கள் தனியாக நடங்கள். காரில் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். நின்றால் தெளிவாகத் தெரிந்த வழி, குனிந்தால் வெறும் கோன் காடாகிவிடும். நிற்கும் கோனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் கோன் போகவேண்டிய திசையைக் காட்டும். வரிசையாக நிற்கும் கோன்களுக்கு நடுவே நெளிந்து போகும் இடம் ஸ்லாலம். அதில் முதல் கோனை ஒட்டிச் சரியாக நுழைந்தால் மற்றவை தானாக வரும். நுழைவு தப்பினால் கடைசிக் கோன்வரை துரத்திக்கொண்டே இருக்கவேண்டியதுதான். திரும்பத் திரும்ப நடங்கள். தேர்ந்த ஓட்டுநர்களைக் கவனியுங்கள். ஓட்டத்துக்கு முன் காரில் கண்ணை மூடி உட்கார்ந்து, கச்சேரிக்கு முன் மனசுக்குள் பாடிப் பார்க்கும் வித்துவான் மாதிரி, காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் கொடி அசையும். அதை எப்படி எழுதுவது! டயர் கீச்சிடும், வயிறு ஒருபக்கம் இழுக்கும், கண் அடுத்த கோனில் அல்ல, அதற்கும் அடுத்ததில் இருக்கவேண்டும். கோனைத் தட்டிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி அபராதம். வழிதவறினால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. அதனால் என்ன? ஓட்டங்களில் மிகச் சிறந்ததைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், மறுக்கவே மாட்டார். எனக்கு வாய்த்தவர் ஓட்டம் முழுக்க ஒரே வார்த்தையைச் சொன்னார்: "தூரமா பாரு, தூரமா பாரு!"

ஓட்டாத நேரத்தில் வெயிலில் நின்று, விழுந்த கோன்களை நிமிர்த்தி வைக்கவேண்டும். எல்லோருக்கும் இந்த வேலை உண்டு, காசு கொடுத்து வந்தோமே என்ற பேச்செல்லாம் எடுபடாது. எனக்கென்னவோ இதுவே பாதி இன்பம். மியாட்டா கார்கள் எங்கே பிரேக் பிடிக்கின்றன, எங்கே விடுகின்றன என்று இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கே பார்க்க முடியும்?

1944இல் தொடங்கிய எஸ்சிசிஏ என்ற ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் இந்தப் போட்டிகளை ‘சோலோ’ என்ற பெயரில் நாடெங்கும் நடத்துகிறது. தேசியப் போட்டி 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் நடக்கிறது. அது அப்புறம். முதலில் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடக்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். தொப்பி, நிறையத் தண்ணீர், டிரைவிங் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு மேசையில் "நான் புதுசு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.