பூஜ்யக் கோடு

தாலமியின் பெயர் அடிபடாத தமிழ்ப் பெருமைச் சொற்பொழிவு அபூர்வம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த ஒருவர் மதுரையைப் பாண்டியனின் தலைநகர் என்று குறித்துவைத்தார். கொற்கையும் குமரியும் அவருக்குத் தெரிந்திருந்தன. ஆகவே நாம் பெரியவர்கள். கைதட்டல். அந்த மதுரையை அவர் எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று யாரும் கேட்பதில்லை.

அவருடைய உலகப் படத்தில் நம் தீபகற்பமே கிடையாது. இந்தியக் கரை ஏறக்குறைய ஒரே கோடாக மேற்கிலிருந்து கிழக்காகப் படுத்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே இலங்கை, தப்ரபேன் என்ற பெயரில், உண்மையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெருத்துக் கிடக்கிறது. இந்துமகா சமுத்திரம் நாலாபுறமும் நிலத்தால் அடைபட்ட ஏரி. சான்றிதழ் என்று நாம் நீட்டுகிற காகிதத்தில் நம் முகம் இல்லை.

தாலமியைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. அவருடைய பூகோள நூலை ஒரு விமர்சன நூலாகவே படிக்கலாம் என்பது என் கட்சி. முதல் புத்தகத்தின் பெரும்பகுதி டயர் நகரத்து மரினஸ் என்ற முன்னோடியைப் பற்றிய விமர்சனம்தான். தெரிந்த உலகின் நீளம் 225 பாகை என்றார் மரினஸ். வியாபாரிகள் தூரத்தை மிகைப்படுத்துவார்கள், பாதைகள் நேராகப் போவதில்லை என்று காரணம் காட்டி அதை 180ஆகக் குறைத்தார் தாலமி. அதுவும் அதிகம்தான். ஆனால் மரினஸின் நூல் அழிந்துபோயிற்று. அவர் சொன்னது இன்று நமக்குத் தெரிவது தாலமி அதை மறுத்ததால். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகு கொலம்பஸ் பொறுக்கிக்கொண்டது தாலமி ஒதுக்கிய அந்த 225ஐத்தான். ஆசியா கிழக்கே நீள நீள, மேற்கு வழியாக அதை அடைவதற்கான கடல் சுருங்கும் அல்லவா! விமர்சனம் தான் நிராகரிப்பதையும் சுமந்துகொண்டுதான் போகிறது. இதை மறந்துவிட்டு எழுதுகிறவர்கள் நம்மிடையே அதிகம்.

தாலமி கையால் வரைந்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியது சுமார் 8000 இடங்களின் பட்டியலும், பெரும்பாலானவற்றுக்கு எதிரே இரண்டு எண்களும்: அட்சம், தீர்க்கம். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிஸ்மி அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் மத்தியதரைக் கடலின் நீளத்தைக் குறைத்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூல் லத்தீனுக்கு வந்தது; 1477இல் பொலோன்யாவில் படங்களுடன் அச்சாயிற்று. பிறகு மாலுமிகள் முறை. 1488இல் டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியபோது அடைபட்ட ஏரி உடைந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா, மலிந்தியில் ஏற்றிக்கொண்ட ஒரு வழிகாட்டியை நம்பி, கோழிக்கோடு வந்து சேர்ந்தார். அந்த வழிகாட்டி இந்தக் கடலை அறிந்தது தாலமியைப் படித்தல்ல. 1502இல் லிஸ்பனிலிருந்து ரகசியமாக வெளியேறிய கான்டினோ படத்தில் நம் நிலம் முக்கோணமாகத் தலைகாட்டுகிறது.

இத்தனை தவறும் திருத்தப்பட முடிந்ததற்குக் காரணம், ஒவ்வொரு தவறுக்கும் விலாசம் இருந்ததுதான். மதுரை தெற்கே ‘எங்கோ’ இருக்கிறது என்று தாலமி எழுதியிருந்தால் அவர் தவறே செய்திருக்க மாட்டார். யாருக்கும் பயன்பட்டிருக்கவும் மாட்டார்.

நம் விமர்சனத்துக்கு வருகிறேன். க.நா.சு.வின் பட்டியல்களில் பெயர்கள் இருந்தன, பாகைகள் இல்லை. ஒரு பெயர் ஏன் உள்ளே வந்தது, இன்னொன்று ஏன் விழுந்தது என்பதற்கு அவருடைய ரசனையே சாட்சி. அந்த ரசனை பெரும்பாலும் சரியாக இருந்தது என்பது வேறு விஷயம். எங்கள் பக்கத்து வத்தலக்குண்டுக்காரரான செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கி அலசல் விமர்சனம் என்று பிடிவாதம் பிடித்தபோது கேட்டது அந்த இரண்டு எண்களைத்தான். அவர் பல இடங்களில் தவறினார் என்று இன்று சொல்லமுடிகிறது. எந்த வரியில் தவறினார் என்றும் சொல்லமுடிகிறது. இது சிறிய சாதனையல்ல.

ஆனால் விலாசம் மட்டும் போதாது என்பதைத் தாலமியே காட்டுகிறார். தீர்க்கத்தை எங்கிருந்து எண்ணுவது? அவர் பூஜ்யக் கோட்டை மேற்கின் கடைசி விளிம்பில், அதிர்ஷ்டத் தீவுகளில் போட்டார். அங்கிருந்து கிழக்கே பயணிகள் சொன்ன தூரங்களைக் கூட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கட்டத்தின் பிழையும் அடுத்ததோடு சேர்ந்தது. ரோமாபுரிக்கு வரும்போது பிழை கொஞ்சம். பாண்டிய நாட்டுக்கு வரும்போது கரையே மடங்கிப் படுத்துவிட்டது.

நான் ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. எலியட்டின் கட்டுரைகள்தான் என் அதிர்ஷ்டத் தீவுகள். சில வருஷங்களுக்கு முன் திண்டுக்கல் கவிஞர் ஒருவரின் சிறு தொகுப்பைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு கவிதை: பூட்டுப் பட்டறையில் அரம் தேய்க்கும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் நடக்காத ஒரு பிற்பகல். கடைசி வரியில் சத்தம் நிற்கிறது. அவ்வளவுதான். ‘பூட்டு என்ற குறியீட்டின் சாத்தியங்களைக் கவிஞர் தவறவிட்டுவிட்டார், முடிவு வெறும் நிறுத்தம்’ என்று எழுதினேன். ‘குறுகிய உலகம்’ என்றும் எழுதினேன். அவர் பதில் எழுதவில்லை. பிறகு கவிதையும் எழுதவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த ஊரில் பட்டறைச் சத்தம் நின்றால் ஆர்டர் இல்லை என்று அர்த்தம். தெருவில் விளையாடுகிற பிள்ளைக்குக்கூட இது தெரியும். அந்தக் கடைசி வரியில் இருந்தது பயம். நான் இதே ஊரில் குடியிருந்துகொண்டு, அந்த வரியை லண்டனிலிருந்து தூரம் கூட்டிக்கொண்டு வந்து அளந்தேன்.

அப்படியானால் நம்முடைய திணையைப் பூஜ்யக் கோடாக்கிக்கொள்வோம் என்று ஒரு குரல் உடனே எழும். மலைக்கோட்டை மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கொடைக்கானல் மலைத்தொடர், நடுவே வானம் பார்த்த பூமி. குறிஞ்சி, முல்லை, அவை திரிந்த பாலை எல்லாம் ஒரே பார்வையில். திணையில் பூஜ்யம் பேசுகிறவளின் காலடியில் இருக்கிறது. இது பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அதுவும் இலக்கணமாக இறுகிய பிறகு, கவிதையைப் பார்க்காமல் கருப்பொருளை எண்ணிப் பார்க்கிற கணக்காயிற்று. பூட்டுப் பட்டறைக்கு அதில் இடம் எங்கே? கோடு நம்முடையதா, அவர்களுடையதா என்பதல்ல கேள்வி. எங்கே போட்டிருக்கிறோம் என்று அளக்கிறவன் சொல்கிறானா, அங்கிருந்து இந்தக் கவிதைக்கு எவ்வளவு பிழை சேரும் என்று கணக்கில் எடுக்கிறானா என்பதுதான். தாலமி சொன்னார். நான் சொல்லவில்லை.

1569இல் மாலுமிகளுக்கென்று புதிய படம் வரைந்த மெர்க்கேட்டர், 1578இல் தாலமியின் படங்களைத் தனியாக, தாலமியுடையவை என்றே, வெளியிட்டார். பழைய தவறை அழிக்காமல், திருத்தத்தை அதன் பக்கத்தில் வைத்தார். என் பழைய கட்டுரையையும் நான் வாபஸ் வாங்கப்போவதில்லை. அதில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன்: எந்தக் கவிதை, எந்த வரி என்று குறிப்பிட்டிருந்தேன். அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் இந்தத் திருத்தத்தை இப்போது வைக்கமுடிகிறது.