வகுப்பு என்கிற சொல்

பட்டத்துக்கு வகுப்பு உண்டு. சாதிக்கும் நம் மொழியில் வகுப்பு என்று ஒரு பெயர் உண்டு. இரண்டும் ஒரே சொல்லாக இருப்பது நமக்கு ஆச்சரியமாக இல்லை.

60 எடுத்தால் முதல் வகுப்பு, 50 எடுத்தால் இரண்டாம் வகுப்பு, அதற்குக் கீழே மூன்றாம் வகுப்பு என்று நம் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் பிரித்து வந்தன. இங்கிலாந்தில் முதல் வகுப்புக்கு 70 வேண்டும். அந்த 70 அமெரிக்காவுக்குப் போனால் நான்குக்கு நான்கு என்றே பல இடங்களில் எடுத்துக்கொள்கிறார்கள். நேராகக் கணக்குப் போட்டால் 2.8தான் வரும். ஆனால் அங்கே 70 வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். மார்க்கை அது பிறந்த இடத்தோடு சேர்த்து வாசிக்கணும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம்மிடம் வரும்போது மட்டும் இந்த வாசிப்பு மறந்துபோகிறது.

1907இல் பம்பாயில் மெட்ரிக் தேறிய அம்பேத்கர் எடுத்தது 750க்கு 282. நூற்றுக்கு 37.6. இன்றைய பத்துப் புள்ளிக் கணக்கில் போட்டுப் பார்த்தால் 3.76, யுஜிசி அட்டவணையில் தேர்ச்சிக்கே 4 வேணும். வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் உட்கார்ந்து, பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் என்று சதாராவில் படித்த பையனின் 282 அது. எந்த அட்டவணையில் இருக்கிறது இதற்கு ஈடு? அவர்தான் 1915இல் கொலம்பியாவில் எம்.ஏ.வும் 1923இல் லண்டனில் டி.எஸ்சி.யும் வாங்கினார். 'தகுதி, திறமை' என்று கூச்சல் போடுகிறவர்கள் இந்த எண்ணை வாசித்துக் காட்டட்டும்.

இப்போது வகுப்பு இருந்த இடத்துக்கு சிஜிபிஏ வந்திருக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் புள்ளியைப் பத்தால் பெருக்கு என்கிறது. இன்னொன்று அரைப்புள்ளி கழித்துவிட்டுப் பெருக்கு என்கிறது. முதுகலையில் 5.4 எடுத்த நம்ம பிள்ளைக்கு முதல் கணக்கில் 54, அடுத்த கணக்கில் 49. நெட் எழுதப் பட்டியல் சாதியினருக்கு 50 வேணும், 49.9ஐக்கூட 50ஆக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படித்த படிப்பு ஒன்றுதான். அரைப்புள்ளி வாசலை அடைத்துவிடுகிறது.

தோழர்களே, 'நம்ம மார்க்கு இவ்வளவுதான்'னு தலையைக் குனிஞ்சு உட்கார்ந்துடாதீங்க. மார்க்கு சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அங்கே இல்லேன்னா தேர்வு அலுவலகத்தில் போய், மாற்றுக் கணக்கை முத்திரை, கையெழுத்தோடு எழுத்தில் கேட்டு வாங்குங்க. விண்ணப்பத்தில் அதையே போடுங்க.

கதையையும் கவிதையையும் யார் எழுதியது, யாருக்காக எழுதியது என்று கேட்டு வாசிக்கப் பழகியிருக்கிறோம். இந்த அட்டவணையையும் அப்படியே வாசிப்போம்.